ஜாஸ் பியானோ: வளையாத வாத்தியத்தை வளைத்தவர்கள்

பிடித்த ஜாஸ் பியானோக்காரர்கள் யார் யார், அவர்கள் வாசிப்பில் அப்படி என்ன பெருமை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகமும் வைத்திருக்கிறீர்கள். ஆஸ்கர் பீட்டர்சனைக் கேட்டால் விரல் பறக்கிறது, பெரிய ஆள்தான் என்று ஒப்புக்கொள்ள முடிகிறது. தெலோனியஸ் மங்க்கைக் கேட்டால் யாரோ கட்டைகளைத் தப்பும் தவறுமாக அழுத்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் மங்க் பெயரைச் சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள், ஏன்?

அந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

பியானோவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதற்கப்புறம் அந்த ஒலி வாசிப்பவர் கையில் இல்லை. அதைப் பெருக்க முடியாது, அசைக்க முடியாது, மேலே கீழே இழுக்க முடியாது. தேய்ந்து மறையும்வரை விட்டுவைக்கலாம், அல்லது விரலை எடுத்து நிறுத்தலாம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிற சமாச்சாரம் இங்கே நடக்காது. ஜாஸோ ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபு வழி வந்த இசை. ப்ளூஸ் பாடுகிறவர் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நின்று பாடுவார். சாக்ஸபோன்காரர் உதட்டை அழுத்தி அங்கே போய்விடுவார். பியானோவில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது.

என் கணக்கில் ஒரு ஜாஸ் பியானோக்காரரின் பெருமை இந்தக் குறையை அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. அவருக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்: எந்தக் கணத்தில் அழுத்துவது, எவ்வளவு பாரம் வைப்பது, கூடவே வேறெந்தக் கட்டையை அழுத்துவது, எப்போது விரலை எடுப்பது, எப்போது சும்மா இருப்பது. வேகமும் வேண்டியதுதான், ஆனால் வேகத்தால் இந்தக் குறை தீர்வதில்லை. சில சமயம் மறைந்துபோகிறது, அவ்வளவுதான்.

மங்க் வருவது இந்த இடத்தில். 1917-ல் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் பிறந்து, சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பத்தோடு நியூயார்க் வந்தவர். 1940-களின் தொடக்கத்தில் அந்நகரின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற கிளப்பில் நிரந்தரப் பியானோக்காரராக இருந்தார். பீபாப் என்ற புதுப் பாணி உருவான இடங்களில் அது முக்கியமானது. பியானோ வாத்தியார்கள் விரலை வளைத்து வைக்கச் சொல்லுவார்கள். மங்க் விரலை நீட்டித் தட்டையாக வைத்து அடிப்பார். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அடித்து, ஒன்றிலிருந்து மட்டும் விரலை எடுத்துவிடுவார். முதலில் ஓர் உரசல் கேட்கும். பிறகு ஒரு ஸ்வரம் மட்டும் மிஞ்சும்போது, அது எங்கிருந்தோ வளைந்து வந்து சேர்ந்த மாதிரிக் காதில் படும். கட்டையே இல்லாத அந்த நடு இடத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் போகிறார். தப்பாக அழுத்துகிறார் என்று உங்களுக்குப் பட்டது பெரும்பாலும் இதுதான்.

அது தப்பில்லை என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மெட்டை அவர் வெவ்வேறு வருடங்களில் வாசித்த பதிவுகளை அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். உறுத்துகிற அதே ஸ்வரம் அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும். கை தவறினால் அப்படி வராது.

அடுத்தது மௌனம். 1954 டிசம்பர் 24 அன்று மைல்ஸ் டேவிஸ் தலைமையில் ‘பேக்ஸ் க்ரூவ்’ பதிவானது. தான் டிரம்பெட் வாசிக்கும்போது பின்னால் பியானோ வேண்டாம் என்று மைல்ஸ் சொல்லிவிட்டார். மங்க்கின் கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் அழுத்துபவை, மைல்ஸின் வாசிப்புக்குக் குறுக்கே வந்தன. மங்க்கும் சும்மா இருந்தார். தன் முறை வந்ததும் அவர் வாசித்ததை முதல் டேக்கில், அதாவது முதல் தடவை வாசித்து எடுத்த பதிவில், கேட்க வேண்டும். மிகச் சின்ன ஒரு துணுக்கை எடுத்துக்கொள்கிறார். அதையே தள்ளிப் போடுகிறார், திருப்பிப் போடுகிறார், பாதியில் நிறுத்துகிறார். நடுவே நீளமான இடைவெளிகள். அந்த இடைவெளிகளில் பெர்சி ஹீத்தின் பேஸும் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) கென்னி கிளார்க்கின் டிரம்ஸும் மட்டும் ஓடுகின்றன. தாளம் ஒரு இம்மி பிசகுவதில்லை. அடுத்த ஸ்வரம் எங்கே விழும் என்று நாம் ஊகிக்கத் தொடங்குவோம். நாம் ஊகித்த இடத்தில் அது விழாது. விழுந்தபின், வேறெங்கும் விழுந்திருக்க முடியாது என்று தோன்றும். வாசிக்காத இடத்திலும் கேட்பவரைக் கணக்குப் போட வைப்பது மிகப் பெரிய லய ஞானம். விரல் வித்தையைவிட அது அரிது.

வேண்டுமென்றே எளிமையாக வாசிக்கிற ஆளா, இல்லை வேறு வாசிக்கவே தெரியாத ஆளா என்ற சந்தேகம் அவர் காலத்திலேயே பலருக்கு இருந்தது. அவர் தனியாக வாசித்த பதிவுகள், குறிப்பாக 1959-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எடுத்தவை, அதைத் தீர்த்துவைக்கும். இடது கை தாவித் தாவிப் போகும் அந்த நடைக்கு ஸ்ட்ரைட் என்று பெயர். பேஸ் ஸ்வரம் ஒன்று கீழே, கார்டு ஒன்று மேலே, மறுபடி கீழே. 1920-களில் ஹார்லெமில் ஜேம்ஸ் பி. ஜான்சனும் ஃபேட்ஸ் வாலரும் வளர்த்த பாணி அது. பழைய பாணி முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்டு, அதிலிருந்து தேவையில்லாததை எல்லாம் உருவி எடுத்துவிட்டவர் மங்க்.

அவர் வாழ்க்கை சுலபமானதாக இல்லை. 1951-ல் நண்பரோடு காரில் இருந்தபோது போதைப்பொருள் கிடைத்ததாகப் போலீஸ் பிடித்தது. நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் சிறை, கூடவே கேபரே கார்டு என்ற அனுமதி அட்டையும் போயிற்று. மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க நியூயார்க்கில் அந்த அட்டை இல்லாமல் முடியாது. 1957 வரை சொந்த ஊரிலேயே ஒரு கிளப்பிலும் சட்டப்படி உட்கார முடியாமல் இருந்தார். அட்டை திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசித்தார். அதே வருடம் நவம்பரில் கார்னகி ஹாலில் அந்தக் குழு வாசித்த ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து 2005-ல்தான் வெளியே வந்தது. 1964-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் மங்க் படம் வந்தது. அதற்குள் அவருடைய முக்கியமான மெட்டுகளில் பெரும்பாலானவை பழையவையாகி இருந்தன.

அந்தக் காரில் இருந்த நண்பர் பட் பவல். அடுத்து அவர்தான்.

1924-ல் ஹார்லெமில் பிறந்தவர். 1945-ல் பிலடெல்ஃபியாவில் போலீஸ்காரர்கள் தலையில் அடித்த அடிக்குப் பிறகு அவர் மனநிலை சீராகவே இல்லை. மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் இருந்தார், மின்னதிர்ச்சி சிகிச்சையும் கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் இதையே பேசிக்கொண்டிருந்தால் அவர் இசையை யாரும் கேட்கப்போவதில்லை.

பவல் செய்தது இது. சார்லி பார்க்கர் ஆல்டோ சாக்ஸபோனில் வாசித்த நீளமான, கோணல் மாணலான வரிகளை வலது கைக்குக் கொண்டுவந்தார். அதற்கு இடம்விட்டு இடது கை ஒதுங்கிக்கொண்டது. இரண்டே ஸ்வரம், அங்கங்கே ஓர் இடி, அவ்வளவுதான். ஸ்ட்ரைட் கை தாளத்தைச் சுமந்த வேலையை பேஸிடமும் டிரம்ஸிடமும் விட்டுவிட்டார். இன்று எந்த ஊரில் ஜாஸ் பியானோ வாசிப்பவரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஏற்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்.

ஆனால் ஏற்பாடு மட்டும் இருந்தால் பவல் ஆகிவிட முடியாது. அவர் வரிகளுக்கு மூச்சு உண்டு. ஊதுகிறவருக்கு மூச்சு முட்டுகிற இடத்தில் வரி முடியும், மூச்சு வாங்கி மறுபடி தொடங்கும். பியானோக்காரருக்கு அப்படி நிறுத்த வேண்டிய கட்டாயமே இல்லை, இருந்தும் நிறுத்துகிறார். அவர் வாசிக்கும்போது கூடவே முனகுவது பதிவுகளில் நன்றாகக் கேட்கும். உள்ளே பாடிக்கொண்டேதான் வாசிக்கிறார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே கனம் இருக்காது. சில ஸ்வரங்களை விழுங்கிவிடுவார், சிலவற்றை உளி வைத்ததுபோல் அழுத்துவார். வரி மேலும் கீழும் அசைவதாக நமக்குத் தோன்றுவது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

1951 மே 1 அன்று ப்ளூ நோட் கம்பெனிக்காக அவர் பதிவு செய்த ‘அன் போகோ லோகோ’ மூன்று டேக்குகளாகக் கிடைக்கிறது. மாக்ஸ் ரோச் டிரம்ஸில் கூடவே ஒரு மணியையும் தட்டுகிறார். பவலின் தனி வாசிப்பு கார்டு மாறாமல் ஒரே தளத்தின் மேல் நீண்டுகொண்டே போகிறது. பீபாப் என்றால் கார்டுகள் விறுவிறுவென்று மாற வேண்டும் என்றிருந்த நாளில் இது பெரிய துணிச்சல். மூன்று டேக்கையும் வரிசையாகக் கேட்டால், ஒரு மனிதர் ஒரு யோசனையைத் துரத்திப் பிடிப்பதை அப்படியே பார்க்கலாம். முதலாவதில் தேடுகிறார், மூன்றாவதில் கையில் இருக்கிறது. 1959-ல் பாரிஸுக்குப் போய்ச் சில வருடங்கள் இருந்தார். அந்தக் காலப் பதிவுகளில் விரல் பல இடங்களில் தடுமாறும். அவற்றையும் நான் விரும்பித்தான் கேட்கிறேன், ஆனால் புதிதாகக் கேட்பவருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். 1966-ல் நியூயார்க்கில் இறந்தார். வயது 41.

பிட்ஸ்பர்க் நகரத்துப் பியானோக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எரல் கார்னரும் அகமது ஜமாலும் அங்கே வெஸ்டிங்ஹவுஸ் பள்ளியில் வெவ்வேறு காலத்தில் படித்தவர்கள். மேரி லூ வில்லியம்ஸ் வளர்ந்ததும் அந்த ஊரில்தான்.

கார்னருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. குள்ளமானவர், பெஞ்சின் மேல் டெலிபோன் டைரக்டரியைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். இடது கை கிதார் மீட்டுவது போலத் தாளத்துக்கு நாலு கார்டு தட்டிக்கொண்டே இருக்கும், கடிகாரச் சுத்தம். வலது கைதான் வேடிக்கை. பஸ் கிளம்பியபிறகு ஓடிவந்து கடைசிப் படியில் தொற்றிக்கொள்கிற ஆள் மாதிரி, எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே வரும். தவறிவிடும் என்று நாம் பதறுகிற அளவுக்குத் தாமதம், ஆனால் தவறாது. ஒரே மனிதரின் இரண்டு கைகள் இரண்டு நேரத்தில் ஓடுகின்றன. 1955-ல் கலிஃபோர்னியாவின் கார்மெலில் எடுத்த ‘கான்சர்ட் பை தி ஸீ’ பதிவின் தரம் சுமார்தான், பியானோவும் அப்படி ஒன்றும் நல்ல நிலையில் இல்லை. இருந்தும் அந்தக் காலத்தில் மிக நன்றாக விற்ற ஜாஸ் தட்டுகளில் அதுவும் ஒன்று.

ஜமால் நேர் எதிர். அவரிடம் எல்லாம் இடைவெளி. 1958 ஜனவரியில் சிகாகோவில் பெர்ஷிங் ஓட்டலின் லவுஞ்சில் பதிவான ‘பாய்ன்சியானா’ ஏறக்குறைய 8 நிமிடம் ஓடும். நியூ ஆர்லியன்ஸ்காரரான வெர்னல் ஃபோர்னியே டிரம்ஸில் ஒரு நடையைப் பிடித்துவிட்டு அதை விடுவதே இல்லை. இஸ்ரேல் கிராஸ்பியின் பேஸ் அதோடு பின்னிக்கொள்கிறது. ஜமால் மேல் கட்டைகளில் ஒரு துளி வைக்கிறார், கையை எடுத்துவிடுகிறார். ஆளே இல்லையோ என்று நினைக்கும்போது முழுக் கையோடு ஒரு கார்டு விழும். மறுபடி ஒன்றுமில்லை. அந்த இசைத்தட்டு 100 வாரங்களுக்கு மேல் பில்போர்டு பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் இருந்தது. சில விமர்சகர்கள் அதை ஓட்டல் வரவேற்பறைச் சங்கீதம் என்று ஒதுக்கினார்கள். மைல்ஸ் டேவிஸ் அப்படி நினைக்கவில்லை. தன் குழுவின் பியானோக்காரர் ரெட் கார்லண்டிடம் ஜமால் மாதிரி வாசிக்கச் சொல்லுவாராம். ஜமாலின் பாட்டுப் பட்டியலிலிருந்து தாராளமாக எடுத்தும் கொண்டார். விமர்சகர்களுக்கு நிறைய ஸ்வரம் வாசிப்பது உழைப்பாகத் தெரிகிறது, வாசிக்காமல் இருப்பது சோம்பலாகத் தெரிகிறது. ஜமால் 2023-ல் 92 வயதில் இறந்தார். எண்பது தாண்டியும் மேடையில் இருந்தார்.

பில் எவன்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். 1929-ல் நியூ ஜெர்ஸியின் பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர். 1958-ல் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்து, அதே வருடம் விலகி, 1959-ல் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார். அதில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ தவிர மற்றதெல்லாம் அவர் வாசிப்பு, அந்த ஒன்று மட்டும் விண்டன் கெல்லி.

எவன்ஸின் வழி வேறு. கார்டில் ஆதார ஸ்வரத்தை அவர் பெரும்பாலும் வாசிப்பதில்லை. அதை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார், அல்லது நம் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்த விரல் மிச்சமாகிறது இல்லையா, அதை உள்ளே இருக்கும் குரல்களை நகர்த்தப் பயன்படுத்துகிறார். நாலு ஸ்வரம் சேர்ந்த ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும்போது, நாலும் ஒன்றாகக் குதிக்காது. ஒன்று அப்படியே நிற்கும், ஒன்று அரை ஸ்வரம் இறங்கும், இன்னொன்று கொஞ்சம் பொறுத்து நகரும். தனித்தனியாக எந்த ஸ்வரமும் வளையவில்லை. ஆனால் கார்டு முழுவதும் சேர்ந்து மெல்ல வளைகிறது. ஒரே கார்டில் ஐந்து கட்டையை அழுத்தினாலும் ஐந்துக்கும் ஐந்து விதமான பாரம் வைப்பார், மேலே இருக்கும் மெட்டு ஸ்வரம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாகக் கேட்கும். இதை எழுத்தில் சொல்வது சுலபம், கைக்கு வரப் பல வருடமாகும். இன்று உலகம் முழுவதும் இசைப் பள்ளிகளில் அவருடைய கார்டு அமைப்புகளைச் சொல்லித் தருகிறார்கள். கட்டைகள் எவை என்று கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். பாரத்தைக் கற்றவர்கள் மிகச் சிலர்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்டு என்ற நிலவறைக் கிளப். எவன்ஸோடு பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். மதியமும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்தார்கள். அன்று எடுத்ததிலிருந்து இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. அதுவரை பியானோ மூவர் குழு என்றால் பியானோ முதலாளி, மற்ற இருவரும் கூலி. இங்கே லஃபாரோ தாளத்துக்கு நடந்துகொண்டிருக்காமல், பியானோ சொன்னதற்குப் பதில் சொல்கிறார், சில சமயம் முந்திக்கொண்டு பேசுகிறார். மோஷியன் பல இடங்களில் தாளத்தைக் கோடி காட்டுவதோடு சரி. மூவரும் மனத்துக்குள் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, யாருமே அதை வாய்விட்டுச் சொல்லாமல் வாசிக்கிறார்கள். நடுவே கண்ணாடிக் கோப்பைகள் உரசுகிற சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். அன்றைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை.

‘பீஸ் பீஸ்’ என்று 1958-ல் அவர் தனியாக வாசித்த ஒன்று உண்டு. இடது கை இரண்டே கார்டுகளை ஆறு நிமிடத்துக்கும் மேல் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. வலது கை முதலில் எளிய மெட்டாகத் தொடங்கி, போகப்போக அந்தக் கார்டுகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்வரங்களுக்குப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வருகிறது. எவன்ஸைப் பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்ய இது ஒன்றே போதும். பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். ரொம்ப மென்மை, உடம்பில் ரத்தமே இல்லை என்பது அவர்கள் புகார். அவருடைய பிந்தைய சில பதிவுகளைக் கேட்கும்போது எனக்கும் அது முழுப் பொய்யென்று தோன்றுவதில்லை.

இப்போது வேகம். ஆர்ட் டேட்டம் இல்லாமல் அந்தப் பேச்சு எடுபடாது. 1909-ல் ஒஹாயோவின் டொலீடோவில் பிறந்தவர், ஒரு கண்ணில் பார்வையே இல்லை, மற்றதில் மிகக் கொஞ்சம். 1933-ல் அவர் வாசித்த ‘டைகர் ராக்’ கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாக நினைப்பீர்கள். பிள்ளையாக இருந்தபோது டேட்டத்தைக் கேட்ட ஆஸ்கர் பீட்டர்சனும் அப்படித்தான் நினைத்து, பிறகு உண்மை தெரிந்ததும் பியானோப் பக்கமே போகாமல் கொஞ்ச நாள் இருந்ததாகச் சொல்லுவார். ஆனால் டேட்டத்தின் பெருமை வேகத்தில் இல்லை, அந்த வேகத்தில் அவர் யோசித்ததில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடுவார். ஒரு வரிக்குள் தூரத்து ஸ்ருதி ஒன்றுக்குப் போய், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். 1953 டிசம்பரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரை உட்கார வைத்து இரண்டே நாளில் 60-க்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார். ஒத்திகை கிடையாது, பெரும்பாலும் ஒரே டேக். குறை சொல்ல வேண்டுமென்றால், சில அலங்கார ஓட்டங்கள் பாட்டுக்குப் பாட்டு அப்படியே வரும்.

பீட்டர்சன் அந்த வழியில் வந்தவர். மான்ட்ரியல்காரர். அவருடைய ஆசிரியர் பால் டி மார்க்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவருக்கு மாணவர். அந்தப் பரம்பரைத் தொழில்நுட்பம் முழுவதும் பீட்டர்சன் கையில் இருந்தது. அவரை மட்டம் தட்டுவது ஜாஸ் ரசிகர்களிடையே ஒரு ஃபாஷன், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் வேகமாக வாசிக்கும்போது இசை எங்கே போகப்போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. மங்க்கிடம் அது ஒருபோதும் தெரிவதில்லை. 1993-ல் பக்கவாதம் வந்து இடது கை பலவீனமான பிறகும், சிகிச்சை எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினார்.

மக்காய் டைனரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலடெல்ஃபியாவில் அம்மா நடத்திய அழகு நிலையத்தில் வைத்திருந்த பியானோவில் பழகியவர். 1960 முதல் 1965 வரை கோல்ட்ரேன் குழுவில் இருந்தார். வழக்கமான கார்டுகளில் காந்தாரம் இருக்கும், அது மேஜரா மைனரா (அந்தர காந்தாரமா, சாதாரண காந்தாரமா) என்று காட்டிக்கொடுத்துவிடும். டைனர் கார்டுகளை நாலாம் ஸ்வரம் நாலாம் ஸ்வரமாக அடுக்கினார். அந்த அடுக்கு எந்தப் பக்கமும் சாயாது. அதன் மேல் கோல்ட்ரேன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 13 நிமிடத்துக்கும் மேல் சலிக்காமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இடது கையின் கனம் இவர் அளவுக்கு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

ஹெர்பி ஹான்காக் சொல்லுகிற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மைல்ஸ் குழுவோடு வாசிக்கும்போது, மைல்ஸ் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் இவர் முழுக்கத் தப்பான கார்டு ஒன்றைப் போட்டுவிட்டார். மைல்ஸ் ஒரு கணம் நின்றார். பிறகு அந்தக் கார்டு சரியாகும்படியான ஸ்வரங்களை வாசித்தார். ஹான்காக்கின் பெருமை பின்பாட்டில், அதாவது இன்னொருவர் வாசிக்கும்போது கூடவே வாசிப்பதில் இருக்கிறது. மற்றவர் சொல்லப்போவதற்குப் பாதி வழியில் அவர் காத்திருப்பார்.

கீத் ஜாரெட்டின் ‘கொலோன் கான்சர்ட்’ உலகத்தில் மிக அதிகம் விற்ற தனிப் பியானோப் பதிவுகளில் ஒன்று. 1975 ஜனவரி 24, கொலோன் நகர ஆபெரா அரங்கம். கேட்டிருந்த பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது சின்ன அளவுப் போசன்டார்ஃபர், மேல் கட்டைகள் கீச்சென்றன, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. ரத்து செய்யப்போனவரைச் சமாதானப்படுத்தி மேடை ஏற்றியவர், கச்சேரியை ஏற்பாடு செய்த பதின்வயதுப் பெண் வேரா பிராண்டஸ். ஜாரெட் நடுக் கட்டைகளிலேயே சுற்றிச் சுற்றி வந்தார், இடது கையில் ஒரே நடையைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். அதுதான் அந்தப் பதிவின் மயக்கமே. என் விருப்பம் அவர் மூவர் குழுவோடு வாசித்த பழைய பாட்டுகள்தான். ஆனால் அதைச் சொன்னால் கொலோன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மேரி லூ வில்லியம்ஸை ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம். ஸ்ட்ரைட், பூகி, ஸ்விங், பீபாப் என்று ஜாஸ் மாறிய ஒவ்வொரு முறையும் அவரும் மாறினார், இளையவர்களைவிடச் சீக்கிரமாகவே. ஹார்லெமில் அவர் வீட்டு வரவேற்பறைதான் மங்க்கும் பவலும் வந்து வாசித்துக் காட்டிய இடம். 1945-ல் வந்த ‘சோடியாக் சூட்’டைத் தேடிக் கேளுங்கள்.

இன்று வாசிப்பவர்களில் என் முதல் பெயர் விஜய் ஐயர். அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971-ல் ஆல்பனியில் பிறந்தவர். முறையாகக் கற்றது வயலின், பியானோ தானாகப் பிடித்துக்கொண்டது. நம்மவர் என்பதற்காகச் சேர்க்கவில்லை. மங்க்கைத் தன் முதன்மையான ஆசான்களில் ஒருவராகச் சொல்பவர், அது அவர் வாசிப்பில் தெரிகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளில் ஒரு பெரும்பகுதி, தாளத்துக்குள் கலைஞர்கள் வைக்கிற மிக நுண்ணிய முன்பின் நகர்வுகளைப் பற்றியது. கார்னரின் வலது கை தாமதமாக வருகிறது என்று மேலே எழுதினேனே, அதே விஷயம். 2009-ல் வந்த ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் ஈழத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த மாயா அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏ.வின், ‘கலாங்’ பாட்டை மூவர் குழுவாக வாசித்திருக்கிறார். மின்னணுக் கருவியில் செய்த அந்தத் தாளத்தை மார்கஸ் கில்மோர் டிரம்ஸில் கையால் கொண்டுவருகிறார். பிரசன்னாவின் கிதாரோடும் நிதின் மிட்டாவின் தபலாவோடும் சேர்ந்து 2011-ல் ‘தீர்த்த’ வந்தது. இரண்டில் எனக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

கேட்கத் தொடங்குவதானால், முதலில் ஜமாலின் ‘பாய்ன்சியானா’. பிறகு ‘பேக்ஸ் க்ரூவ்’ முதல் டேக், மங்க் வருகிற இடம் வந்ததும் இடைவெளிகளை மட்டும் எண்ணுங்கள். எவன்ஸின் 1961 வான்கார்டு பதிவை இரண்டு முறை கேளுங்கள், முதல் முறை லஃபாரோவின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து. பவலின் மூன்று டேக்குகளையும் ஒரே மூச்சில். டேட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே கேட்டால் மற்ற எல்லோரும் மந்தமாகத் தெரிவார்கள். உங்களுக்கு ஏற்கெனவே பீட்டர்சனைப் பிடித்திருக்கிறது என்பதால் ஒன்று: அவருடைய ‘நைட் டிரெய்ன்’ இசைத்தட்டில் கடைசியாக வரும் ‘ஹிம் டு ஃப்ரீடம்’ கேளுங்கள். தேவாலயப் பாட்டின் சாயலில் மிக மெதுவாகத் தொடங்குகிறது. முதல் இரண்டு நிமிடங்களில் அவர் எதையெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள்.